போனவர்கள் திரும்புவார்களா?



2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயரை நம்மில் பலர் அதற்கு முன்பு கேள்விப்பட்டதேயில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் நம் வீடுகளில் அன்றாடம் ஒலித்த பெயர்: பப்ஜி. கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலம் அது. இணையவழி வகுப்புக்கென்று, கடன்பட்டும் தவணை கட்டியும் பெற்றோர் வாங்கிக் கொடுத்த கைப்பேசிகளில்தான் அந்த விளையாட்டு குடியிருந்தது. தடைச்செய்தி வந்த அன்று சில வீடுகளில் பிள்ளைகள் அழுதார்கள். சில வீடுகளில் தாய்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடந்ததும் உண்டு.

அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனம் தான் இழந்தவர்களை உண்மையிலேயே மீண்டும் பெற்றுக்கொண்டதா, பொதுவாகவே ஒரு வீடியோ கேம் நிறுவனம் தன்னைவிட்டு விலகிப்போன ரசிகர்களைத் திரும்பப் பெற இயலுமா என்னும் கேள்வி சென்ற வாரம் நம் வாலிபர் கூடுகையில் எழுந்தது. ‘போதகர் எழுதுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?’ என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். நம்பிக்கை எப்படி உடைகிறது, உடைந்த நம்பிக்கை எந்த விலைக்குத் திரும்பக் கிடைக்கிறது என்பதைப் பற்றிய கேள்வி இது. அத்துடன், செம்மண்டலத்திலும் மஞ்சக்குப்பத்திலும் உள்ள நம் குடும்பங்களின் நேரமும் பணமும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

விளையாட்டை அறியாத மூத்தோருக்காக ஒரு சொல். விமானம் ஒன்று ஒரு தீவின்மேல் பறக்கிறது. அதிலிருந்து நூறு பேர் குதிக்கிறார்கள். கீழே கிடக்கும் ஆயுதங்களைத் தேடி எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் வீழ்த்துகிறார்கள். ஆடுகளத்தின் எல்லை சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் உயிரோடு நிற்பவரோ, நிற்கும் அணியோ வெல்கிறது. நான்கு பேர் ஓர் அணியாகச் சேரலாம். ஆளுக்கொரு வீட்டில் இருந்தபடியே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒருவரோடொருவர் பேசியபடி ஆடலாம். இந்தப் பேச்சை மறந்துவிடாதிருங்கள்; பின்னால் அது நமக்குத் தேவைப்படும். தடைக்கு முன்பு இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 17.5 கோடி முறை அந்தச் செயலி பதிவிறக்கம் செய்யப்பட்டிருந்தது என்று சந்தைக் கணக்காளர்கள் மதிப்பிட்டார்கள்.

தடைக்குக் காரணம் விளையாட்டின் தரக்குறைவு அன்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் படைவீரர்கள் இருபது பேர் உயிர்நீத்தார்கள். அதன்பின் சீனத் தொடர்புடைய செயலிகள்மேல் அரசின் பார்வை விழுந்தது. பப்ஜி தென்கொரிய நிறுவனத்துக்கு உரியது. எனினும் அதன் கைப்பேசி வடிவத்தை இந்தியாவில் வெளியிட்டு நடத்தியது சீனாவின் டென்சென்ட். தடை வந்த ஒரு வாரத்துக்குள் கொரிய நிறுவனம் டென்சென்ட்டிடமிருந்து இந்திய உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நவம்பரில், இந்தியாவில் பத்துக் கோடி டாலர் முதலிடுவதாக அறிவித்தது. அதன் தாய் நிறுவனமான கிராஃப்டன், 2021 ஜூலை 2-ஆம் நாள், பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் புதுப் பெயரில் அதே விளையாட்டை மீண்டும் கொண்டுவந்தது.

அப்போது அந்நிறுவனம் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். பழைய ஆட்டக்காரர் ஒருவர் தம் பழைய கணக்கைப் புதிய செயலியோடு இணைத்தால், அவர் முன்பு சேர்த்து வைத்திருந்த உடைகள், ஆயுத அலங்காரங்கள், பெற்ற தகுதிகள் ஆகியவற்றை அப்படியே அங்கே எடுத்துச் செல்ல இடங்கொடுத்தது. ஊரைவிட்டுப் போனவன் திரும்பி வரும்போது, அவன் கட்டிலும் பெட்டியும் வைத்த இடத்திலேயே இருப்பதைக் காண்பதுபோன்ற ஏற்பாடு அது. அது வணிக சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆயினும் அதைவிட மேலான ஒரு சாமர்த்தியத்தை அவர்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. ஓராண்டுக்குள் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலை 28-ஆம் நாள் அரசின் ஆணையால் அச்செயலி மறுபடியும் கூகுள், ஆப்பிள் தளங்களிலிருந்து அகற்றப்பட்டது. 2023 மே மாதம், மூன்று மாதச் சோதனைக் காலம் என்னும் நிபந்தனையோடு மூன்றாம் முறையாக அது உள்ளே வந்தது. வந்தவுடனே பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

ஆகவே நம் வாலிபருள் சிலர், ‘பாருங்கள் ஐயா, நிறுவனம் ரசிகர்களைத் திரும்பப் பெற்றுவிட்டது’ என்றார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. போகாதவர்களை எப்படித் திரும்பப் பெறுவது?

தடைக் காலத்தில் நடந்தது என்ன? பலர் கொரிய நாட்டுப் பதிப்பைத் தேடிப் பிடித்து நிறுவிக்கொண்டார்கள். வேறு சிலர் வி.பி.என். வழியாக, தாங்கள் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு ஆடினார்கள். தடைசெய்யப்பட்ட அந்த விளையாட்டை யூடியூபில் ஆடிக்காட்டி, ஆபாசமாகப் பேசிப் பணம் சேர்த்த ஒருவரை 2021 ஜூனில் சென்னைக் காவல்துறையினர் தருமபுரியில் கைதுசெய்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். பார்ப்பதற்கு இலட்சக்கணக்கானோர் இருந்ததனால்தான் அவருக்கு அந்த வருமானம் வந்தது. கதவு பூட்டப்பட்டபோதும் கூட்டம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. மேகி நூடுல்ஸ் 2015 ஜூனில் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு நவம்பரில் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று நம் சமையலறைகளுக்குத் தெரியும். பிரித்துவைக்கப்பட்டவர்கள் சேர்வது ஒன்று. மனம் கசந்து எழுந்து போனவர்கள் திரும்புவது முற்றிலும் வேறொன்று.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் யாரிடம் திரும்பினார்கள்? கிராஃப்டன் என்னும் பெயரை அவர்களில் பாதிப்பேர் சரியாகச் சொல்லமாட்டார்கள். ஊரடங்கில், கெடிலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரிந்து கிடந்த நான்கு நண்பர்கள் இரவு எட்டு மணிக்கு ஒன்றுகூடிப் பேசிய இடம் அந்தத் தீவு. மஞ்சக்குப்பம் மைதானத்தில் கிடைக்காத கூட்டுறவு அவர்களுக்கு அங்கே கிடைத்தது. அவர்கள் நண்பர்களிடம் திரும்பினார்கள். வாடகையை நிறுவனம் வாங்கிக்கொண்டது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. தனிமையில் இருந்த பிள்ளைக்கு அந்தக் குரல்கள் ஆறுதலாயிருந்தன என்பதை ஏற்காமல் அந்த விளையாட்டைத் திட்டுவது பயனற்றது.

அப்படியானால் மெய்யாகவே கோபித்துக்கொண்டு போன ரசிகர்களை யாராவது திரும்பப் பெற்றிருக்கிறார்களா? அதற்கு நாம் ஜப்பானுக்குப் போகவேண்டும்.

ஸ்கொயர் எனிக்ஸ் என்பது அங்கே பெரும்புகழ் வாய்ந்த நிறுவனம். 1987-இல் தொடங்கிய ஃபைனல் ஃபேண்டஸி என்னும் விளையாட்டு வரிசையை வெளியிட்டு வருகிறது. அந்த வரிசையின் பதினான்காவது விளையாட்டு, ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் கூடி ஆடும் இணைய விளையாட்டாக, 2010 செப்டம்பர் இறுதியில் வெளிவந்தது. படுதோல்வி. ஒரு சிறு பட்டியைத் திறப்பதற்கே காத்திருக்க வேண்டியிருந்தது. காடும் மலையும் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியவைபோல் இருந்தன. பார்வைக்கு அழகாயிருக்க வேண்டும் என்னும் ஆசையில், ஓரத்தில் நிற்கும் ஒரு பூந்தொட்டிக்கு ஒரு முழு மனித உருவத்துக்குச் செலவிடும் கணினி உழைப்பைச் செலவிட்டிருந்தார்கள். அதனால் ஒரே இடத்தில் சிலர் கூடினாலே கணினி திணறியது. பூந்தொட்டியை அழகாக்கி மனிதர் கூட இடமில்லாமல் செய்துவிட்டார்கள். (சபைக் கட்டடக் குழுவினர் இவ்வரியை மீண்டும் ஒருமுறை வாசிக்கலாம்.)

ரசிகர்கள் விலகினார்கள். அந்த வரிசையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நேசித்தவர்களே கடுமையாக எழுதினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனத்தின் தலைவர் யோயிச்சி வாடா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மாதக் கட்டணத்தை நிறுத்திவைத்தார். பொறுப்பில் இருந்தவர்களை மாற்றி, நவோக்கி யோஷிடா என்பவரிடம் வேலையை ஒப்படைத்தார். இதுவரை எல்லா நிறுவனங்களும் செய்யக்கூடியதுதான். மன்னிப்பு அறிக்கை எழுதித்தர இக்காலத்தில் கூலிக்கு ஆள் கிடைக்கிறார்கள்.

யோஷிடா செய்தது அரிது. ஒட்டுப்போட்டால் போதாது என்று கண்ட அவர், விளையாட்டை அடியிலிருந்து திரும்பக் கட்ட முடிவுசெய்தார். ஆனால் புதியதைக் கட்டும் காலத்தில் பழையதை மூடிவிடவில்லை. கைவிடாமல் தங்கியிருந்த சிலருக்காகப் பழைய விளையாட்டையும் பழுதுபார்த்துக்கொண்டே, அதே குழுவைக்கொண்டு புதியதையும் கட்டினார். ஓராண்டுக்கு மேலாக ஒருவரிடமும் மாதக் கட்டணம் வாங்கவில்லை. என்ன செய்கிறோம், எது தாமதமாகிறது, ஏன் தாமதமாகிறது என்று ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். எது அவர்களை வருத்தியது என்று கருத்துக் கணிப்பு நடத்திக் கேட்டார். 2012 நவம்பர் 11-ஆம் நாள் பழைய உலகத்தை நிறுத்தியபோதும் சும்மா மின்னிணைப்பைப் பிடுங்கவில்லை. பல மாதங்களாக அந்த உலகத்தின் வானத்தில் ஒரு செந்நிலவு பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி நாளில் அது விழுந்து அந்த உலகம் அழிந்தது. ஆட்டக்காரர்கள் கூடி நின்று அதைக் கண்டார்கள். பிழையாய்ப் பிறந்த ஒன்றுக்கு மரியாதையான அடக்கம் செய்தார்கள் என்றே சொல்லுவேன். 2013 ஆகஸ்டில் புதிய உலகம் திறந்தது. மோசமான நாட்களிலும் கட்டணம் செலுத்தித் தங்கியிருந்தவர்களின் பெயர்களை விளையாட்டின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் இடம்பெறச் செய்தார்கள். அவர்களுக்கு மாதக் கட்டணத்தையும் நிரந்தரமாகக் குறைத்தார்கள். போனவர்கள் திரும்பினார்கள். அவர்களுக்கு மேலாகப் புதியவர்களும் வந்தார்கள். அந்த விளையாட்டு பல்லாண்டுகளாக அந்த நிறுவனத்தையே தாங்கி நிற்கும் தூண்களில் ஒன்றாகிவிட்டது.

இரண்டாவது சான்று இங்கிலாந்திலிருந்து. ஹலோ கேம்ஸ் என்னும் சிறு குழு, கணக்கில் அடங்காத கிரகங்களைக் கொண்ட ஒரு விண்வெளியை வாக்களித்து, நோ மேன்ஸ் ஸ்கை என்னும் விளையாட்டை 2016 ஆகஸ்டில் வெளியிட்டது. அந்த விண்வெளியில் ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்று மக்கள் நம்பும்படியாகவே அதன் தலைவர் ஷான் மரே முன்பு பேசியிருந்தார். வெளிவந்த மறுநாளே இருவர் ஒரே கிரகத்தில், ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தென்படவில்லை. அந்தக் காட்சி உலகமெங்கும் பரவியது. பொய்யர் என்னும் பெயர் வந்தது. அதன்பின் அந்தக் குழு வாய்திறக்கவில்லை, மாதக்கணக்கில் மௌனம். வாக்குவாதமும் செய்யவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. நவம்பரில் ஒரு புதுப்பிப்பு வந்தது. அடுத்த ஆண்டும் வந்தது. 2018 ஜூலையில் வந்த புதுப்பிப்பில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கண்கூடாகக் கண்டு சேர்ந்து ஆட முடிந்தது. முன்பே விலை கொடுத்தவர்களிடம் எந்தப் புதுப்பிப்புக்கும் ஒரு காசுகூட வாங்கவில்லை. ஸ்டீம் என்னும் விற்பனைத் தளத்தில் ஆரம்பத்தில் மிகத் தாழ்ந்து கிடந்த அதன் மதிப்பீடு, ‘மிகவும் நன்று’ என்னும் நிலையை அடைய 2024 வரை ஆயிற்று. எட்டு ஆண்டுகள்! உடைத்தது ஒரே நாளில்.

போலந்து நாட்டின் சைபர்பங்க் 2077 விளையாட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. 2020 டிசம்பரில் பழுதுகளோடு வெளிவந்து, ஒரு வாரத்தில் சோனியின் விற்பனைத் தளத்திலிருந்து அகற்றப்பட்டு, ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்புக்குப் பின் நற்பெயர் பெற்றது. எல்லாருக்கும் இது வாய்க்கவில்லை. ஆந்தம் என்னும் விளையாட்டைத் திருத்தப்போவதாக வாக்களித்த நிறுவனம், 2021-இல் அந்தத் திருத்த வேலையையே நிறுத்திவிட்டது. நம் நாட்டில், பப்ஜி தடையான இரண்டாம் நாளே அறிவிக்கப்பட்ட ஃபௌஜி என்னும் விளையாட்டு தேசப்பற்றின் அலையில் 2021 குடியரசு நாளன்று வெளிவந்தது. இலட்சக்கணக்கானோர் முன்பதிவு செய்து ஆவலோடு திறந்தார்கள். உள்ளே ஆடுவதற்கு அதிகம் இல்லை. விலகிவிட்டார்கள். ஆர்வத்தை அறிவிப்பினால் வரவழைக்கலாம். தங்கவைப்பதற்கு உள்ளே ஏதாவது இருக்கவேண்டும்.

திரும்பப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நட்டத்தை யார் சுமந்தார் என்பதைத்தான் ரசிகர்கள் பார்க்கிறார்கள். ஸ்கொயர் எனிக்ஸ் ஓராண்டுக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, இரண்டு விளையாட்டுகளின் செலவைச் சுமந்தது. ஹலோ கேம்ஸ் விற்றுமுடிந்த சரக்குக்கு ஆண்டுக்கணக்கில் கூலியின்றி உழைத்தது. எரிகோவில் காட்டத்தி மரத்திலிருந்து இறங்கிய சகேயுவை எண்ணிப் பாருங்கள். அவன் வருத்தப்பட்டதாக மட்டும் சொல்லி நின்றிருந்தால் ஊரார் நம்பியிருப்பார்களோ? அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பத் தருவதாக எழுந்து நின்று சொன்னான். வாயின் வார்த்தை பணப்பையைத் தொட்டது. வரிவசூலிப்பவனை ஊர் நம்புவதற்கு வேறு வழி இருந்திருக்காது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக் கைப்பேசிக்குத் திரும்பி வருவோம். மும்முறை வந்த கிராஃப்டன் நிறுவனம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்னும் எல்லையை வைத்தது. நல்லது. இரத்தத்தின் நிறத்தைப் பச்சையாக்கியது. இருக்கட்டும். பெற்றோரின் இசைவு வேண்டும் என்று அவர்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. தாயின் கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? பிள்ளை தன் எண்ணுக்குப் பதில் அம்மாவின் எண்ணைத் தட்டுகிறான். செய்தி அம்மாவின் கைப்பேசிக்கு வருகிறது. அந்தக் கைப்பேசியில்தான் அவன் ஆடிக்கொண்டிருக்கிறான். அம்மா அடுப்படியில் இருக்கிறாள். இசைவு கிடைத்துவிட்டது!

அதிலும் என்னை மிகவும் உறுத்துவது பணக் கணக்கு. விளையாட்டு இலவசம்தான். உள்ளே உடைக்கும் ஆயுத அலங்காரத்துக்கும் ‘யூசி’ என்னும் விளையாட்டு நாணயத்தைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். 2021-இல் அது திரும்பி வந்தபோது, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட முடியாது என்று பாதுகாப்பு எல்லை வகுக்கப்பட்டது. ஏழாயிரம் ரூபாய், ஒரு நாளைக்கு. முதுநகரில் வலை பின்னும் ஒரு சகோதரருடைய வீட்டில், சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் ஒருவருடைய வீட்டில், அது எத்தனை நாள் உழைப்பு? அந்த எல்லையை வகுத்தவர்கள் எந்த ஊர்ப் பிள்ளையை மனத்தில் வைத்து வகுத்தார்களோ, கடலூர்ப் பிள்ளையை அல்ல. நட்டத்தைத் தான் சுமக்காமல் மூன்று மணி நேரத்தையும் பச்சை நிறத்தையும் கொடுத்துவிட்டு, வருமானம் வரும் வாசலை அகலத் திறந்து வைத்த நிறுவனம் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டது. பெற்றோரின் நம்பிக்கையை அது பெறவில்லை. பெறவேண்டும் என்று பெரிதாக முயலவுமில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் மாநிலத்தின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்னும் 2025-ஆம் ஆண்டு விதியும், பணம் வைத்து ஆடும் ரம்மி போன்ற இணைய ஆட்டங்களைப் பற்றியவை. அந்த விதியைச் சென்னை உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடெங்கும் தடைசெய்தது. இ-ஸ்போர்ட்ஸ் என்னும் போட்டி விளையாட்டுகளையோ ஊக்குவிக்கவே சொல்லுகிறது. ஆகையால் ‘அரசுதான் தடைசெய்துவிட்டதே’ என்று யாரும் கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உறங்கப் போய்விடவேண்டாம். பி.ஜி.எம்.ஐ. அந்தத் தடைக்குள் வராது.

எந்த நிறுவனமும் திரும்பப் பெற முடியாத ஒரு கூட்டமும் உண்டு. 2019-இல் பத்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரவெல்லாம் ஆடியவன் இன்று இருபது வயதைத் தாண்டியவன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறான். அல்லது புதுச்சேரிக்கு விடியற்காலைப் பேருந்தில் போய் இரவில் திரும்புகிறான். அவனுக்கு நிறுவனத்தின்மேல் கோபமில்லை. பழைய பாட்டைக் கேட்டதுபோல் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கிறான், அவ்வளவுதான். அவனுடைய நான்கு நண்பர்களில் ஒருவன் துபாயில், ஒருவன் திருப்பூரில். எத்தனை புதிய துப்பாக்கிகளைக் கொடுத்தாலும் அந்த எட்டு மணிக் கூடுகையை நிறுவனம் அவனுக்குத் திருப்பித் தர இயலாது. அவனைத் திரும்பக் கூப்பிடவும் வேண்டாம். வளர்ந்துபோனவனைத் தொலைந்துபோனவன் என்று எண்ணுவது கணக்குப் புத்தகத்தின் பார்வை.

இதை எழுதும்போது சபைகளைப்பற்றி எண்ணாதிருக்க முடியவில்லை. வராமற்போன வாலிபரைத் திரும்ப அழைக்கவேண்டும் என்று நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். புதிய ஒலிபெருக்கி வாங்குகிறோம்; சுவரொட்டி அச்சிடுகிறோம்; மேடையை அலங்கரிக்கிறோம். யோஷிடா என்னும் அந்த ஜப்பானியர் போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டார்; விடையைக் கேட்டு அஸ்திபாரத்தை மாற்றினார்; தங்கியிருந்த சிலரின் பெயரைக் கல்லில் வெட்டியதுபோல் எழுதிவைத்தார். தங்கியிருந்தவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு குறைவு! காணாமற்போன ஆட்டைத் தேடும் அவசரத்தில் தொண்ணூற்றொன்பதின் பெயரை மறந்துவிடுகிறோம். இதற்குமேல் இதை நீட்டவில்லை. நிர்வாகக் குழுவில் பேசவேண்டிய பொருள் அது.

வாலிபத் தம்பி தங்கைகளே, உங்கள் கேள்விக்கு என் விடை: ஆம், திரும்பப் பெற முடியும், ஆனால் அதைச் செய்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் எல்லாருக்கும் ஆண்டுக்கணக்கு ஆயிற்று. உங்கள் விளையாட்டு நிறுவனம் இன்னும் அந்த வழியில் அடியெடுத்து வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, ஏனென்றால் அங்கே செலவாவது உங்கள் இரவும் உங்கள் தகப்பனின் கூலியும். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு அந்த நாணய வாசலை மூடிவிடுங்கள் என்று அவர்களுக்கு எழுதுங்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் ஞாயிறு ஆராதனைக்குப்பின் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

பெற்றோரே, இந்த வாரம் ஒரு மாலை பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, அந்தத் தீவில் அவன் குதிக்கும்போது கூட யார் குதிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த மூன்று பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியில் பழைய குறுஞ்செய்திகளையும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள்; நீங்கள் அறியாமல் நீங்கள் தந்த இசைவு எதுவும் அங்கே இருக்கிறதா என்று.